பித்தளையா, இரும்பா?

குளியலறைக் கதவின் அடியில் கசிந்து வந்த தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

"அத்தை! எங்க அடிபட்டிருக்கு? பேசுங்க அத்தை!" அவன் மனைவி கதவைத் தட்டினாள்.

"தட்டாதடி. என் மண்டையிலேயே தட்டற மாதிரி இருக்கு."

வழுக்கி விழுந்தவள் கதவில் தலை முட்டியபடி கிடக்கிறாள் என்பது அதிலிருந்தே தெரிந்தது.

உள்பக்கமாகத் திறக்கும் கதவு. உடைத்தால் அவள் தலைமேல்தான் விழும். மேலே இருந்த கண்ணாடி ஜன்னலில் ஒரு பூனைகூட நுழையாது.

தாழ்ப்பாளை அறுப்பது ஒன்றுதான் வழி. அவன் பட்டறைப் பையைக் கவிழ்த்தான்.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ரம்பத்தின் சட்டம் நுழையாது. பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, வெறுங்கையால் இழுக்க வேண்டும்.

பையில் இரண்டு பிளேடுகள் இருந்தன. ஒன்று பெரிய பல், மற்றது பொடிப் பல்.

கெட்டிப் பித்தளை என்றால் பெரிய பல். அதையே மெல்லிய இரும்புத் தகட்டில் வைத்தால் கொக்கி மாட்டிய மாதிரி சிக்கி, பல் உதிர்ந்துவிடும். பொடிப் பல் தகட்டை அறுக்கும். பித்தளையிலோ தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும். வழுக்கினால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் முறியும். முறிந்த துண்டு இடுக்கில் மாட்டிக்கொண்டால் அப்புறம் எதுவுமே உள்ளே போகாது.

"தாழ்ப்பாள் எதுல செஞ்சதுன்னு கேளு," என்றான் மனைவியிடம்.

"நான் இங்க உடைஞ்சு கிடக்கறேன், சாமான் வாங்க வரலைன்னு அவன்கிட்ட சொல்லு," என்றது உள்ளிருந்த குரல்.

நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகை. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் மனைவி இரண்டையும் திருப்பிச் சொன்னாள். அந்த வீட்டில் அதுதான் பழக்கம். சாப்பிடக் கூப்பிடுவதும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வதும் அவள் வாய் வழியாகத்தான் போய்வரும்.

"எனக்கும் தெரியலையே! நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பச்சைப் பெயின்ட்தான் பார்க்கறேன்," என்றாள் மனைவி.

அவனும் தினமும் போட்டு நீக்கிய தாழ்ப்பாள்தான். பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது பிளேடின் நுனியை விட்டுச் சுரண்டினான். காய்ந்த பச்சைப் பொடி மட்டும் வந்தது.

தூரத்தில், போன் செய்து கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. சந்துக்குள் வழி காட்ட மனைவி தெருவுக்கு ஓடினாள்.

சிவப்புக் கோடு அகலமாகியிருந்தது.

பொடிப் பல்லை எடுத்தான். வைத்தான். பெரிய பல்லை எடுத்தான். கடவுளே, ஒரு வார்த்தை சொல்லு என்று மனசுக்குள் கேட்டான். பதில் தெரிந்தவளோ கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

மண்டியிட்டு, கதவோடு வாயை வைத்தான்.

"பித்தளையா, இரும்பா?"

சத்தமே இல்லை.

பிடிவாதமா, மயக்கமா? பிடிவாதமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

உள்ளே மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"பித்தளை."

"நிச்சயமா?"

"வாங்கறப்ப நானும் கூடப் போனேன். கனமா இருக்கணும்னு கையில தூக்கித் தூக்கிப் பார்த்தான். எம்பையன் மாட்டினது."

பெரிய பல் இடுக்கில் நுழைந்து தாழ்ப்பாளைத் தொட்டது. தொட்டதும் அவன் கை நின்றுவிட்டது.

அவளுடைய மகனை அவன் பார்த்ததில்லை. முன்னறையில் மாட்டியிருக்கும் படத்தில் பார்த்ததுதான். அந்த மகன் இறந்த பிறகு, அவனுக்கு மனைவியாக இருந்தவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தவன் இவன். வந்த நாளிலிருந்து மகனைப் பெற்றவள் இவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பத்தவச்சு ஒட்டிக் குடுத்துடறேன்," என்றான். "அறுத்த இடமே தெரியாது."

"முதல்ல அறுப்பா. நீ ஒட்டறதைப் பார்க்க நான் இருக்கணும்ல?"

இழுத்தான். வெளியே வந்த பிளேடின் பற்களில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.