கடைசி வயல்

"முதல்ல மா அண்ணன் வயலை அறுத்துடுப்பா. எங்களுது அப்புறம் பாத்துக்கலாம்."

பாவ்தியான் இப்படிச் சொன்னதும் அவன் பெண்டாட்டி யூன்ஷியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாலையை ஒட்டின முதல் வயல் அவர்களுடையது. அறுப்பு மிஷின் அதன் வரப்பில்தான் வந்து நின்றிருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முற்றின கோதுமை நனைந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும்.

"லெய்லெய் அப்பா, உனக்கென்ன மூளை குழம்பிப்போச்சா? வந்து நிக்கிற மிஷினை அடுத்தவன் வயலுக்குத் தள்ளிவிடுறியே!"

"அவருக்கு அவசரமாம்."

"நமக்கு மட்டும் வானம் குடை பிடிக்குதா?"

மா அண்ணன் வயல் முடிந்து மிஷின் திரும்பி வந்தது.

"அடுத்து சுய் அண்ணி வயல்" என்று கை காட்டினான் பாவ்தியான்.

மா சிரித்துவிட்டார். "என்ன தம்பி, ஊர்க் கமிட்டித் தேர்தல்ல நிக்கப் போறியா? என் ஓட்டு உனக்குத்தான்!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். யூன்ஷியா கூனிக் குறுகிப்போனாள்.

இந்த வயலில் அவள் பட்ட பாடு கொஞ்சமா? போன பருவத்தில் எங்கிருந்தோ வந்து தொற்றியது கணுக்கோதுமை. பார்த்தால் பயிர்; வளர்ந்தால் களை. பனிக்கு முன்னால் மருந்து அடித்தார்கள், சாகவில்லை. வசந்தம் முழுக்கக் குனிந்து குனிந்து பிடுங்கி, சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அப்படியும் ஒரு மூலை பூராவும் அதுதான் நிற்கிறது.

"புரியுது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நம்ம வயல்ல களை மண்டிக் கெடக்குறதைப் பாத்து ஊர் சிரிக்கும்னு வெக்கம். அதானே?"

அவன் இன்னொரு வயலுக்குக் கை காட்டினான். அப்புறம் இன்னொன்று.

ஊர் வயலெல்லாம் அறுத்து முடித்து மிஷின் இவர்கள் வரப்புக்கு வந்ததுதான் தாமதம், சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தான்.

"ஈரக் கதிரை மிஷின் அறுக்காது, அக்கா."

யூன்ஷியா நனைந்துகொண்டே கத்தினாள். "போச்சா? இப்பத் திருப்தியா? ஊருக்கெல்லாம் மாவு, நமக்கு முளைச்ச கோதுமை! இந்த நல்ல பேரை ஆவியில வேகவச்சுத் திங்கலாமா?"

பாவ்தியான் மிஷினின் அடிவயிற்றுக்குள் கையை விட்டு, ஒட்டியிருந்த உமியையும் மணியையும் ஒரு பிடி வழித்து அவளிடம் நீட்டினான்.

"போன வருஷம் அந்தக் களை நம்ம வயலுக்கு இப்படி ஒட்டிக்கிட்டுத்தான் வந்துது. இன்னைக்கு மிஷின் நம்ம வயல்ல முதல்ல எறங்கியிருந்தா, சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராவும் நாமதான் அதை வெதச்சிருப்போம்."