பித்தளை ஸ்குரூ

"கூரைத் தண்ணி வடியத் தகரம் மாட்டணும் அண்ணாச்சி. பித்தளை ஸ்குரூ இருபது குடுங்க."

சாத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சீனிவாசகத்துக்குச் சிரிப்பு வந்தது. கேட்டவன் வேல்ச்சாமி. தாயில்பட்டியில் அவருடைய வீட்டின் பின்கட்டில் ஒரு மாதமாகக் குடியிருப்பவன். முன்கட்டில் அவர் மகள் பொன்செல்வி, கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

"வாடகை வீட்டுக்குப் பித்தளையா? இரும்புல போட்டா பத்து வருசம் உழைக்கும்லே."

"துருப்பிடிக்கும் அண்ணாச்சி. சன்னல் வழியா தண்ணி உள்ள விழுது. பொம்பளைக ஒட்டி வச்ச தீப்பெட்டியெல்லாம் நனைஞ்சிருது."

"இதுக்காலே பஸ் ஏறி வந்த? செல்வி நேத்தே சொல்லிட்டா. தகரம் மாட்டக் காலையிலயே ஆள அனுப்பிட்டேன்."

வேல்ச்சாமியின் முகம் வெளுத்தது. "என்ன ஸ்குரூ குடுத்து விட்டீக?"

"இரும்புதான். டிரில் மிஷினும் கொண்டு போயிருக்கான்."

"ஐயோ, இரும்புன்னா பொறி பறக்குமே அண்ணாச்சி!" அவன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டான். "தீப்பெட்டின்னு உங்கள்ட்ட பொய் சொல்லிட்டேன். சன்னலுக்கு உள்ள வெடிமருந்து காயுது. நாலு மூடை சரவெடி வேற கெடக்கு."

சீனிவாசகத்தின் விரல் போனில் இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தியது. மூன்றாவது தடவை மகள் எடுத்தாள்.

"செல்வி, பிள்ளையத் தூக்கிட்டு தெருவுக்கு ஓடு!"

"ஒண்ணுமே கேக்கலப்பா. பின்னால ஒரே டிரில் சத்தம். இருங்க, நானே போயி நிப்பாட்டச் சொல்லிட்டு வாரேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. டிரில் சத்தத்துக்கு ஊடே அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கொலுசொலி, பின்கட்டுப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனது.