கிளம்ப மனமில்லாத கார்

அநியாயம் இழைக்கப்பட்டது வைதேஹி சித்திக்கு. இழைத்தவர் அவளைக் கைப்பிடித்த என் சித்தப்பா, வக்கீல் ஸௌந்தரராஜன். சாட்சி நான்.

திருப்புட்குழியில் சித்தியின் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். ஊஞ்சல் பாட்டு சித்திதான் பாட வேண்டும் என்று கல்யாணப் பெண் நிச்சயதார்த்தத்தன்றே வாக்கு வாங்கிவிட்டாள். தொண்டை கட்டிவிடுமோ என்று சித்தி தயிரைத் தொட்டே பல நாளாயிற்று.

எல்லோரும் முதல் நாளே போய்விட்டார்கள். "புதுக் கார் நிக்கறச்சே முதல் நாளே எதுக்கு? காலம்பற ஜம்முனு போய் இறங்கலாம்" என்றவர் யார்? சாட்சாத் சித்தப்பா.

காலையில் சித்தி மடிசாரோடு முன் சீட்டில் ஏறியாயிற்று. பின் சீட்டில் நானும் பழத்தட்டுகளும். காருக்கு மாலை வாங்கக் கடைவீதிக்குப் போன சித்தப்பா திரும்பி வந்தார். மாலையைப் போட்டார். ஏறவில்லை. துணியை எடுத்து மட்கார்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மங்கை, நீ எம்.ஏ. படிக்கறவ. முகப்பு எப்படி இருக்கு, சொல்லு."

"அழகா இருக்கு சித்தப்பா. கிளப்புங்கோ."

"அழகுன்னா? காரணம் வேணும்."

காரணம் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. இறங்கிவிட்டேன்.

"ரெண்டு விளக்கும் முழிக்கறது. நடுவுல கம்பி வரிசை பல்லைக் காட்டறது. கூப்பிடறதுக்கு முன்னாடியே பந்தியில உட்கார்ந்துட்ட சம்பந்தி மாமா மாதிரி இருக்கு. போறுமா?"

"பேஷ்! பாச்சா, நீரும் வந்து உள்ளே உட்கார்ந்து பாரும். இடுப்புக்கு எப்படி இருக்கு?"

எதிராத்து பாச்சா மாமா இதற்காகவே பிறந்தவர் போல ஓடி வந்து, பழத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே குதித்தார். குடுமி கூரையில் இடிக்கவில்லை என்று தெருவுக்கே அறிவித்தார்.

"காலை நீட்டலாம் ஓய்! ஆனா ரெக்ஸின் வெயில்ல சுடுமே. துணி உறை தைச்சுப் போடும்."

"நீலமா, பச்சையா?"

"ஏன்னா," என்றாள் சித்தி உள்ளேயிருந்து, "அங்கே பொண்ணை ஊஞ்சல்ல உட்கார வெச்சுடுவா. உறையை நாளைக்குத் தைக்கலாம்."

"இதோ ஆச்சு. நீ சொல்லு வைதேஹி, ஜன்னல்ல இருக்கற அந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினா காத்து முகத்துக்கு வரதா, கழுத்துக்கா?"

"கார் ஓடினாத்தானே வரும்!"

நான் கைதட்டினேன். பழத்தட்டு கீழே விழுந்தது. வாழைப்பழங்களைப் பொறுக்கி நிமிர்ந்தால் சித்தப்பாவைக் காணோம். தெருமுனையில் நின்றிருந்தார்.

"தூரத்துலேர்ந்து பார்த்தாத்தான் முகவெட்டு தெரியும்!" என்று அங்கிருந்தே கத்தினார். திரும்பி வந்து, "இன்னும் மினுமினுப்பு போறாது" என்று மறுபடி துணியை எடுத்தார்.

பால்காரர் முனிசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"முனிசாமி, நீ சொல்லுப்பா."

"நமக்கு என்னா தெரியும் சாமி? நல்லா வயிறு பெருத்து இருக்குது. எருமையா இருந்தா உடனே வாங்கிடுவேன்."

சித்தியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பா! ஒரு பொம்மனாட்டியோட பாட்டைவிட தகரத்தோட மினுமினுப்பு உங்களுக்குப் பெரிசாப் போயிடுத்தா? கோர்ட்டுல வாய்தா வாங்கி வாங்கி, ஆத்துக்காரிகிட்டேயும் வாய்தாவா? இதே உங்க பாட்டாயிருந்தா கார் வேண்டாம், கழுதை மேலே ஏறியாவது போயிருப்பேள்! என்ன மாமா, நான் சொல்றது?"

பாச்சா மாமா சீட்டை விட்டு இறங்காமலே தலையாட்டினார்.

சித்தப்பா துணியை உதறி மடித்தார். முகவெட்டுப் பார்க்க இன்னொரு நடை தெருமுனைக்குப் போனார். ஓட்டமும் நடையுமாக வந்தார். பாச்சா மாமாவைக் கையைப் பிடித்து இறக்கினார். சாவியைத் திருகினார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

எங்கள் தெரு முட்டுச்சந்து. வெளியே போக, முனையில் திரும்பி நெசவாளர் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அங்கே நெசவாளர் கலியன் தன் வீட்டு வாசலில், தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவு ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். காரைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"வக்கீல் சாமி! விடிஞ்சதும் கஞ்சி போட்டு, பாவைத் தெரு நீளத்துக்கும் நீட்டிக்கினு உட்கார்ந்திருந்தேன். ஈரத்துல சுருட்டினா இழைக்கு இழை ஒட்டிக்கும், மொத்தப் பட்டும் பாழு. வண்டி ஏதாவது வந்துடுமோன்னு அடிவயித்துல நெருப்பு. ஒண்ணு கூட வரலை! காஞ்சு, சுருட்டி, இப்பத்தான் தூக்கறேன், உங்க வண்டி வருது. என்னா ராசியான காரு சாமி!"

"ராசிதான்பா" என்றார் சித்தப்பா, முன்னால் பார்த்தபடியே.

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டு, மெல்ல ராகம் இழுக்க ஆரம்பித்தாள்.

திருப்புட்குழியில் மாலை மாற்றி முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலை நோக்கி நடக்கும்போது, சித்தி போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சிரைக்க ஆரம்பித்தாலும் பாட்டு கணீரென்று விழுந்தது.

பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலையைப் பிடித்தேன்.

"தெருவுல பாவு காயறதுன்னு எங்ககிட்டேயாவது சொல்லியிருக்கலாமே சித்தப்பா? இத்தனை திட்டு வாங்கியிருக்க வேண்டாமே?"

சித்தப்பா பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"சொன்னா நீ சும்மா இருப்பியாடி? சித்திக்கு நியாயம் கேக்கறேன்னு கலியன் வாசலுக்கே போயிருப்பே. வக்கீல் காத்துண்டிருக்கார்னு காதுல விழுந்தா, அந்த அப்பாவி ஈரத்தோடயே சுருட்டி எனக்கு வழி விட்டிருப்பான்."