முப்பத்தோராம் நாள் வாசகம்

மெலனிக்கு இன்று முப்பத்தோராம் நாள் பூசை. சுகமாகவேண்டுமென்று நாங்கள் எல்லோரும் ஒன்பது நாள் நவநாள் செபம் செய்தும் போன பிள்ளை, பத்தொன்பது வயது. கோட்-டெ-நெய்ஜ் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் சப்பாத்துப் பனி உருகி ஓடுகிறது. சன்னலைப் பாதிக்குமேல் பனி மூடிவிட, மீதியில் சாம்பல் வெளிச்சம். வாசிக்க எழும்பிய தாய் றெஜினா வேதாகமத்தில் வேறு பக்கம் தேடுகிறாள். "தங்கச்சி, ஆறுதலான வாசகம் குறிச்சு வச்சனான்," என்று பூசை ஒழுங்குகளைப் பார்க்கும் யோசெப் அண்ணை காதோடு சொல்கிறார். "வேண்டாம் அண்ணை. இதுதான்." எருசலேம் எரிந்தபின், எரித்தது கடவுளேதான் என்று அழுகிற பகுதி அது. அவர் பகைவனாக வந்து நின்றதையும், கெஞ்சியவர்களுக்குக் காதை மூடிக்கொண்டதையும் குரல் நடுங்காமல் வாசிக்கிறாள். வரிக்கு வரி நகரும் சுண்டுவிரலில் மகளின் மோதிரம், உள்ளே போகாமல் பாதியில் நிற்கிறது. வாசித்து முடித்ததும் 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று சொல்லவேண்டும். அதன்பிறகுதான் எங்கள் பதில். அவள் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்க்கிறாள். சுவரோரச் சுடுநீர்க் குழாய் இரண்டு தரம் தட்டுகிறது. பழகிய வாய்கள் பொறுக்கவில்லை. எல்லோருமாகச் சொல்கிறோம்: "இறைவா, உமக்கு நன்றி." அவளுடைய புருசனும் சொல்கிறார்.