இரவல் சளி

காலையில் வின்னி அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினாள். தேநீர் போட்டாள். ரொட்டியில் கொழுப்புத் தடவிக் கணவன் முன்னால் வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"பிரமாதம்டி!" கிளிஃபர்ட் மேசையைத் தட்டினான். "சிஸ்டர் வந்ததும் இதே மாதிரி இருமு. போன வாரத்தைவிட நல்லா வருது. நாடகத்துல சேத்துக்குவாங்க உன்னை."

இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த தெரு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடமாகியும் யாரும் எந்தச் சுவரையும் பழுதுபார்க்கவில்லை. ஈரம் கூரைவரை ஏறியிருந்தது. குழந்தை மொரீனுக்கு நாள் முழுக்க மூச்சு இழுத்தது.

நகராட்சியின் புது வீட்டுக்கு வரிசையில் காத்திருந்தால் வருடக்கணக்காகும். வீட்டில் காசநோய்க்காரர் இருந்து, கைக்குழந்தையும் இருந்தால் முதலிடம்.

யோசனை கிளிஃபர்டுடையது. பக்கத்து வீட்டு எட்னாவுக்குக் காசநோய். தனிக்கட்டை என்பதால் அவளுக்கு வீடு வராது. அவளுடைய சளியை டப்பாவில் வாங்கி, தன்னுடையது என்று சுகாதார நிலையத்தில் கொடுக்கச் சொல்லி வின்னியை அனுப்பினான். காசநோய் என்று முடிவு வந்த அன்று பீர் குடித்தான்.

மொரீன் தாயிடம் கையை நீட்டினாள்.

"அப்பாகிட்ட போடா செல்லம்," வின்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெத்த புள்ளையத் தூக்கக்கூட அலுப்பா, மகாராணிக்கு?"

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நகராட்சி நர்ஸ் மிஸ் தோர்ன்டன் உள்ளே வந்தாள். வின்னி இருமினாள்.

"நல்ல சேதி. வீடு ஒதுக்கியாச்சு. ரெண்டு படுக்கையறை, உள்ளேயே குளியலறை. வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்துடுவோம். அதைப் பாத்துட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டதும் சாவி."

"எக்ஸ்ரேயா?" கிளிஃபர்ட் குறுக்கிட்டான். "அதான் சளியிலயே தெரிஞ்சுபோச்சே, சிஸ்டர்?"

"எல்லாருக்கும் எடுக்கறதுதான்."

அவள் போனதும் கிளிஃபர்ட் நாற்காலியை உதைத்தான்.

"போச்சு! படத்துல உன் நெஞ்சு பளிங்கு மாதிரி தெரியப்போகுது. வீடும் போச்சு, ஏமாத்துனேன்னு என்னைக் கோர்ட்டுல வேற நிறுத்துவானுங்க. நீ வியாழக்கிழமை அங்க போகாத. உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்."

"நான் போறேன் கிளிஃப். வீடு கிடைச்சுடும்."

"எப்படிடி கிடைக்கும்? மூளை இருக்கா உனக்கு?"

வின்னி அவனுடைய தட்டை எடுத்துத் துடைத்தாள்.

"எட்னா தர மாட்டேன்னுட்டா. வெறும் டப்பாவோட வந்தா நீ கத்துவேன்னு, நானே துப்பிக் குடுத்துட்டேன்."