விழுந்தவரைத் தூக்கும் பயிற்சி

தென்துருவத்துக்குப் போக நாயும் வெள்ளாடும் கோழியும் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். ஊரில் பனி ஏது? அதனால் ஐஸ் பேக்டரியின் குளிர் அறையில் பயிற்சி நடந்தது. ஆடு தினமும் வெளித் தாழ்ப்பாளைக் கொம்பால் நெம்பிக் கதவைத் திறக்கும்; மற்ற இருவராலும் அது முடியாது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளே போனதும் தலைவரான நாய் விசில் ஊதும்.

"பனியில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். யார் விழுகிறீர்கள்?"

"கோழியே விழட்டும் தலைவரே. அவள்தான் கனமில்லாமல் இருக்கிறாள்" என்றது ஆடு.

அன்று முதல் கோழியே விழுந்தது. மற்ற இருவரும் சாக்கில் போட்டுத் தூக்கி ஓடினார்கள். கோழிக்கு அது சொகுசாகக்கூட இருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாள், விசிலுக்கு முன்பே ஆடு தள்ளாடியது.

"கால் மரத்துப்போச்சு தலைவரே..." என்றபடி மடங்கி விழுந்தது. கழுத்துமணி தரையில் மோதியது.

நாய் பதறி விசில் ஊதியது. கோழியைக் கவ்விக்கொண்டு, கதவைத் தலையால் தள்ளி ஓடியது.

"ஐயோ, நான் இல்லை! ஆட்டக்கா விழுந்துட்டா!"

நாய் கோழியை வெயிலில் கிடத்தி, காலைத் தேய்த்துவிட்டது.

"பயப்படாதே. குளிரில் விழுந்தவர்கள் இப்படித்தான் உளறுவார்கள். நீ பிழைச்சுட்டே!" என்று மூச்சு வாங்கியவாறே திரும்பிப் பார்த்தது. "ஆடு ஏன் கூட ஓடி வரலை?"

கோழி கதவை நோக்கிச் சிறகை நீட்டியது.

கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டு, தாழ் விழுந்திருந்தது. உள்ளே மணி ஒருமுறை ஒலித்தது.