வாத்து பொரிக்கும் வரை

"அந்தப் பூவோட படி தாண்டினே, ராத்திரிச் சாப்பாடு உனக்குக் கார்லெட் வீட்டுலதான்" என்றாள் பிரீஷா, உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமல்.

சமையலறை வாசலுக்கு வெளியே அவள் புருஷன் ஃபின்லோ நின்றான். ஒரு கையில் பால் பாட்டில். அதில் ஒற்றை டாஃபடில், கிழங்கிலிருந்து முளைக்கும் மஞ்சள் பூ. மறு கையில் குடை. குடை பூவுக்கு மட்டும்தான். அவன் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான்.

டிரம்பெட் வகை. நடுவிலிருந்த குழல் இதழ்களைவிட நீண்டு, ஊதப்போகிற மாதிரி வாய் விரித்திருந்தது. தோட்டத்திலிருந்த மற்றதையெல்லாம் மத்தியானமே காற்று முறித்துப் போட்டுவிட்டது. நாளைக் காலை ஊர் மண்டபத்தில் பூப்போட்டி. ஃபின்லோவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து முதல் பரிசு பக்கத்து வீட்டுக் கார்லெட்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

"கடல்லேர்ந்து புயல் வருது பிரீஷா."

"அது வருஷா வருஷம் வருது."

"இது வருஷா வருஷம் வராது. குழலைப் பாரு."

"பாத்தேன். அழகாத்தான் இருக்கு. வெளியிலயே அழகா இருக்கட்டும். கூஸ் வாத்து அஞ்சு முட்டை மேல அடையில உக்காந்திருக்கு. குஞ்சு பொரிக்கிறதுக்கு முன்னாடி டாஃபடில் வீட்டுக்குள்ள வந்தா அத்தனையும் கூமுட்டை. இந்தத் தீவுல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அதெல்லாம் சும்மா."

"கார்லெட் பொண்டாட்டியும் அப்படித்தான் சொன்னா. அவ வாத்து அடைகாத்ததுல ஒண்ணாவது பொரிச்சுதா?"

"அவ தினமும் வாத்தைத் தூக்கித் தூக்கிப் பாத்தா. அது வெறுத்துப்போச்சு."

"அப்போ கார்லெட் வீட்டுலயே பூவை வையேன்."

"அவன் கையில குடுத்தா நாளைக்குக் காம்பு மட்டும்தான் திரும்பி வரும்."

"கொட்டகையில?"

"அங்கதானே வாத்து இருக்கு."

"ஐயோ, அங்க வச்சுத் தொலைக்காதே."

ஃபின்லோ குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தான். "முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. சத்தியமாச் சொல்றேன்."

"நீ என்ன, முட்டைக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தியா?"

அவன் கண் கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய் வந்தது.

"பொரிக்கிற வரைக்கும்னா, நான் போய்ச் சேர்ற வரைக்கும் இங்கதான் நிக்கணும்" என்று முணுமுணுத்தான் பிறகு.

"ஏன் அப்படிச் சொல்றே?"

"குளிருது. அதான்."

பிரீஷா அடுத்த கிழங்கை எடுத்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவள் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோதுதான் வாத்து அடையில் உட்கார்ந்தது. திரும்பி வந்ததிலிருந்து இரை வைப்பது, தண்ணீர் வைப்பது எல்லாம் ஃபின்லோதான். 'நீ கிட்டப் போகாதே, கடிச்சு வச்சிரும்' என்று அவளைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. அவ்வளவு அக்கறை. அந்த ஒரு வாரத்தில், டீகூடப் போடத் தெரியாத மனுஷன் கொஞ்சம் சதை போட்டிருந்ததுதான் அவளுக்கு லேசான வருத்தம்.

ஒரு பெருங்காற்று அடித்தது. குடை கவிழ்ந்து வானத்தைப் பார்த்தது. ஃபின்லோ அதை வீசிவிட்டு, கோட்டைக் கழற்றிப் பாட்டிலைச் சுற்றிப் போர்த்தினான். சட்டையோடு, பூவைக் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

பிரீஷா சீவிக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது.

"உள்ள வா" என்றாள்.

"முட்டை?"

"போனாப் போகட்டும். குஞ்சு அடுத்த வருஷமும் வரும்." அவள் கிழங்குத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "எந்தக் குஞ்சுக்கு எந்த நிற ரிப்பன் கட்டணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். பரவாயில்ல."

ஃபின்லோ உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூவையே பார்த்தான். "பிரீஷா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். தலையைத் துவட்டு."

விடிந்ததும் அவன் பூவோடு மண்டபத்துக்கு ஓடிவிட்டான். போகிற அவசரத்தில் வாத்துக்கு இரை வைக்க மறந்துபோனான். பிரீஷா பார்லி வாளியை ஒரு கையிலும், குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாக மறு கையிலும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வாத்திடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது.

வாத்து மூடியை இரண்டு கடி கடித்தது. பிறகு பசி தாங்காமல் எழுந்து வாளிக்குப் போனது. பிரீஷா கூட்டைக் குனிந்து பார்த்தாள்.

அப்புறம் அங்கேயே ஒரு மரப்பெட்டிமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் ஃபின்லோ வெள்ளிக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். "முதல் பரிசு, பிரீஷா. கார்லெட் மூஞ்சியை நீ பாத்திருக்கணும்."

"சந்தோஷம். இங்கயும் ஒரு விசேஷம்" என்றாள் அவள், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி. "ஒண்ணு பொரிச்சிருச்சு."

கோப்பை மெல்லக் கீழே இறங்கியது. "பொரிச்சிருச்சா? அது எப்படிப் பொரிக்கும்?"

"நீயே பாரு. அப்படியே உன் ஜாடை."

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில், சமையலறை ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்ட் உரிந்து தொங்க, பச்சை மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கூட்டிலிருந்து எடுத்த ஒரு பெரிய டாஃபடில் கிழங்கு.

"அஞ்சையும் ஆம்லெட்டாவே போட்டுச் சாப்பிட்டியா, இல்ல ஒண்ணு ரெண்டை அவிச்சியா?" என்று கேட்டாள் பிரீஷா.